நாற்பத்தெட்டு டிகிரியில் ஒரு குளியலறை

எங்கள் வீட்டுப் புதுக் குளியலறையில் இருநூற்று அறுபத்தெட்டு டைல்ஸ் இருக்கின்றன. வெட்டி ஒட்டிய துண்டுகளைக் கழித்தால் இருநூற்றுப் பதிமூன்று. இந்த விவரத்தை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டால் உடனே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஸ்டோர் எழுத்தராக இருந்தேன். எங்கள் மலையில் ஸ்டோர் என்றால் பறித்து வந்த பச்சை ஏலக்காயைச் சூடு கொடுத்து உலர்த்துகிற கட்டடம். அறைக்குள் எத்தனை டிகிரி, ஈரக்காற்றை எத்தனை மணிக்குத் திறந்துவிட்டோம், காயைக் குலுக்கினால் விதைச் சத்தம் எப்போது கேட்டது என்று மணிக்கொரு தரம் எழுதுவது என் வேலை. ஓய்வு பெற்ற அன்று சால்வை வேண்டாம் என்று சொல்லி, அந்த அறையில் தொங்கிய வெப்பமானியைக் கேட்டு வாங்கி வந்தேன். வீட்டில் அளக்க ஏலக்காய் இல்லை. அதனால் மழை, வெயில், பால்காரர் வரும் நேரம், கரண்ட் போகும் நேரம் என்று கிடைத்ததை எல்லாம் எழுதினேன். தோட்டத்தில் எழுதியவற்றையும் சேர்த்து இப்போது நடப்பது அறுபத்தோராவது நோட்டு. "நான் செத்தா நேரத்தக் கரெக்டா எழுதிருவாரு. அழுவாரான்னுதான் தெரியல" என்று என் மனைவி ஜெயபாக்கியம் பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள். அதையும் தேதியோடு குறித்து வைத்திருக்கிறேன்.

நான் எழுத உட்கார்ந்தது பொன்னுமணியைப் பற்றி. அதற்குள் ஒன்றரைப் பத்தி என்னைப் பற்றியே போய்விட்டது. அவளைப் பற்றி எழுதவேண்டும் என்றால் என் முட்டாள்தனத்தையும் எழுதியாக வேண்டும் என்பதால், அதை முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொன்னுமணி, மலையடிவாரத்தில் எங்கள் போடிக்குப் பக்கத்துச் சிலமலைக்காரி. கல்யாணமான புதிதில் விடிவதற்கு முன்பே ஜீப்பில் தொற்றிக்கொண்டு மலைக்கு வருவாள். ஒரு ஜீப்பில் பதினெட்டுப் பேர், இறங்கும்போது எண்ணியிருக்கிறேன். பதினோரு ஆண்டுகள் எங்கள் தோட்டத்தில் காய் பறித்தாள். ஏலக்காய் செடியின் அடியில், தரையை ஒட்டிக் காய்க்கும். குனிந்து சருகை விலக்கி, விளைந்த காய் எது, இளங்காய் எது என்று விரலாலேயே தெரிந்து பறிக்கவேண்டும். ஸ்டோருக்கு வரும் சாக்குகளைப் பிரித்துப் பார்க்கும்போது அவள் சாக்கில் இளங்காய் கிடைப்பது அபூர்வம். "பொன்னுமணி: விரல் சுத்தம்" என்று பதினேழாம் நோட்டில் எழுதியிருக்கிறேன். அவளிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. எழுதிவிட்டால் சொன்ன மாதிரிதான் என்று அந்தக் காலத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

குனிந்து குனிந்து இடுப்பு போய்விட்டது என்று மலையை விட்டவள், கீழே வந்து எடுத்தது அதைவிடக் குனிகிற வேலை. அவள் கணவர் சோலைமலை டைல்ஸ் ஒட்டுகிறவர். நாள் முழுக்க முட்டி போட்டிருந்தாலும் மூன்று வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். அவர் ஒட்டிக்கொண்டே முன்னால் போக, இவள் பின்னாலேயே போவாள். டைல்ஸுக்கும் டைல்ஸுக்கும் நடுவே இருக்கிற சந்தில் கிரவுட்டை இழுத்து நிரப்புவது இவள் பங்கு. கிரவுட் என்பது சாயம் சேர்த்த சிமெண்ட் மாவு. தண்ணீர் விட்டுக் குழைத்து ரப்பர் பலகையால் இழுக்கவேண்டும். கடைசியில் விரலால் ஒரு தடவை தடவி விடுவாள். அந்தத் தடவலில்தான் மேடு பள்ளம் போகும். பத்து வருடமாக அப்படித் தடவித் தடவி, அவள் கையில் ரேகையே இல்லாமல் போய்விட்டது. ரேஷன் கடை மெஷினில் பத்து விரலையும் வைத்துப் பார்ப்பார்கள். ஒன்றையும் அது ஏற்காது. பிறகு கண்ணைக் காட்டிச் சாமான் வாங்குவாள்.

"என் ரேகையெல்லாம் போடி பூராத் தேஞ்சு கெடக்குய்யா. வேணும்னா பாத்ரூம் பாத்ரூமாப் போய்ப் பொறுக்கிக்கிரச் சொல்லுங்க" என்று கடைக்காரரிடம் அவள் சொன்னபோது வரிசையில் எனக்கு முன்னால் நான்கு பேர் இருந்தார்கள்.

ஜெயபாக்கியத்துக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனபின், பின்கட்டுக் குளியலறைக்கு மூன்று படி இறங்க முடியவில்லை. படுக்கையறையை ஒட்டிப் புதிதாக ஒன்று கட்டினோம். சோலைமலை டைல்ஸ் ஒட்டி முடித்த மறுநாள், பொன்னுமணி வருவதற்கு முன்பே நான் தயாராக இருந்தேன். சந்துகளை அடைக்கக் கிரவுட் நல்லதா, சிலிக்கான் நல்லதா என்று ஆறு நாள் சோதனை நடத்தி முடித்திருந்தேன். சிலிக்கான் என்பது குழாயில் வரும் பசை. துப்பாக்கி மாதிரி ஒன்றில் மாட்டி அழுத்தினால் நூலாக வரும், காய்ந்தால் ரப்பர். இரண்டு உபரி டைல்ஸை எடுத்து ஒன்றில் அதையும் ஒன்றில் இதையும் பூசி, தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, கசிகிறதா என்று பார்த்தேன். இரண்டிலும் கசியவில்லை. முழு டைல்ஸின் மேல் பூசினால் தண்ணீர் எந்த வழியாகக் கசியும் என்று ஜெயபாக்கியம் ஏழாம் நாள் கேட்டாள்.

பொன்னுமணி வாளியை இறக்கி வைத்ததும் கேட்டேன். "கிரவுட்டா, சிலிக்கானா? ஏதாவது ஒண்ணச் சொல்லு. நோட்டுல ஒரு கட்டம்தான் விட்டிருக்கேன்."

"ரெண்டும்தான், ஸ்டோரய்யா."

"ரெண்டும்னா அப்புறம் நான் எதுக்கு ஆறு நாள் சோதிச்சேன்?"

"அது உங்க சோலி. என் சோலிய நான் சொல்றேன், கேளுங்க. ஒரே செவத்துல ஒட்டுன டைல்ஸெல்லாம் ஒண்ணாத்தான் நிக்கும், ஒண்ணாத்தான் அசையும். அதுக்கு நடுவுல கிரவுட்டு. ஆனா செவரும் செவரும் சேர்ற மூலை, செவரும் தரையும் சேர்ற மூலை இருக்கு பாத்தீங்களா, அங்கன ரெண்டும் வேற வேற ஆளு. வெயிலுக்கு ஒண்ணு நீளும், இன்னொண்ணு நின்ன எடத்துலயே நிக்கும். அங்க கிரவுட்டப் போட்டா வெடிச்சிரும். இழுத்தா இழுபடணும், விட்டா சேரணும். அதுக்குத்தான் சிலிக்கானு."

படுக்கையறையிலிருந்து ஜெயபாக்கியம் குரல் கொடுத்தாள். "ஏ பொன்னுமணி, எனக்கும் இவருக்கும் நடுவுல அதத்தான் போட்டிருப்பாங்க போல. நாப்பத்தாறு வருசமா வெடிக்கல."

"வெடிக்கலைன்னாலும் கறுத்திருக்கும்மா. கறுத்தா அறுத்துட்டு மாத்திரணும்" என்றாள் பொன்னுமணி. இரண்டு பேரும் என்னை வைத்துக்கொண்டே சிரித்தார்கள்.

அன்று, 2024 பிப்ரவரி 5, திங்கட்கிழமை. மாலைக்குள் மூலைகளை மட்டும் காலியாக விட்டு எல்லாச் சந்துகளையும் நிரப்பிவிட்டாள். புறப்படும்போது சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். "மூணு நாளைக்குக் காலைலயும் சாயங்காலமும் லேசாத் தண்ணி தெளிச்சு விடுங்க. கிரவுட்டு வெரசாக் காயக்கூடாது. வியாழக்கெழம வந்து மூலைக்குச் சிலிக்கான் போடுறேன். அதுக்கு ஒரு சொட்டுத் தண்ணி ஆகாது." கிரவுட்டுக்குத் தண்ணீர், சிலிக்கானுக்குத் தண்ணீர் ஆகாது: இரண்டு பத்தியாகக் கோடு போட்டு எழுதினேன். எழுத்து அழகாகவே இருக்கிறது.

அப்போதுதான் சாம்சன் வந்தான். ஜெயபாக்கியத்தின் அண்ணன் மகன், மசாலா வியாபாரம். குரங்கணியில் மலையேற வருகிறவர்கள் தங்குவதற்கு அறைகள் கட்டிக்கொண்டிருந்தான். குளியலறையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"அக்கா, மாமா வீட்டு வேலை நல்லா நின்னுச்சுன்னா குரங்கணில பன்னெண்டு பாத்ரூமும் உங்களுக்கும் அண்ணனுக்கும்தான். மாமா சரின்னு சொல்லணும், அவ்வளவுதான். அவர் நோட்டுல எழுதிட்டா எனக்கு வேற யாரும் சொல்ல வேணாம்."

பொன்னுமணி வாளியைக் கீழே வைத்தாள். "நெசமாத்தான் சொல்றீங்களா தம்பி? அவரு அடுத்த மாசம் எறணாகுளத்துக்கு வேலைக்குப் போறதா இருக்காரு. போனா ரெண்டு மாசத்துக்கு ஒருக்காத்தான் வருவாரு. ஷெட்டுல ஈரச் சிமெண்டு மேல படுத்து, போன தடவ வந்தப்ப முட்டிய மடக்க முடியல. இது கெடச்சா அவரு போக வேணாம்."

இதையும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தண்ணீர்ச் சொம்போடு குளியலறை வாசலில் நின்றபோது எனக்குள் ஒரு கேள்வி வந்தது. காயவேண்டிய பொருளின் மேல் ஏன் தண்ணீர் தெளிக்கவேண்டும்? முப்பத்து நான்கு ஆண்டுகள் நான் செய்ததெல்லாம் ஈரத்தை வெளியேற்றியதுதான். ஈரம் மிச்சமிருந்தால் பூஞ்சை பிடிக்கும், நிறம் போகும், ஏலத்தில் விலை போகாது. பாவம், பொன்னுமணி பறித்துப் போடுவதோடு சரி. ஸ்டோருக்குள் வந்தவள் இல்லை. உலர்த்துவதைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? இப்படித்தான் நினைத்தேன். சொம்புத் தண்ணீரைத் துளசிக்கு ஊற்றினேன்.

மலைக் குளிருக்காக வாங்கிய மின்சாரக் கணப்பு பரணில் இருந்தது. அதை இறக்கிக் குளியலறையில் வைத்தேன். மேசை விசிறியைப் பக்கத்தில் வைத்தேன். ஸ்டோர் வெப்பமானியைக் குழாயில் தொங்கவிட்டேன். கதவை மூடி, கீழே சாக்கு அடைத்தேன். ஏலக்காய்க்கு என்ன முறையோ அதே முறை: நாற்பத்தைந்தில் ஆரம்பித்து, நாற்பத்தெட்டில் நிறுத்தி, இரண்டு மணிக்கொரு தரம் ஜன்னலைத் திறந்து ஈரக்காற்றை விட்டு, பதினெட்டு மணி நேரம். ஒவ்வொரு மணியும் எழுதினேன். ஓய்வு பெற்றபின் அவ்வளவு சந்தோஷமான நாள் எனக்கு வாய்க்கவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை.

"பாத்ரூம்ல இருந்து ஏன் அனல் அடிக்குது?" என்று ஜெயபாக்கியம் கேட்டாள்.

"வேலை நடக்குது" என்றேன்.

புதன்கிழமை காலை கதவைத் திறந்தேன். சந்துகளில் எல்லாம் முடி அளவுக்கு வெடிப்பு. நகத்தால் சுரண்டினால் திருநீறு மாதிரி உதிர்ந்தது. நெடுக்குச் சந்துகளில் நாற்பத்தொரு இடம், குறுக்குச் சந்துகளில் ஐம்பத்தாறு இடம் என்று எண்ணி எழுதினேன். ஏன் வெடித்தது என்ற இடத்தில் "கலவைக் கோளாறா?" என்று எழுதிக் கேள்விக்குறி போட்டேன். சூடு அதிகமானால் ஏலக்காய்கூட வாய் பிளக்கும். அது எனக்குத் தெரியும். பக்கத்துப் பக்கத்திலேயே நாற்பத்தெட்டு டிகிரி என்று என் கையெழுத்து இருந்தது. இருந்தும் கணப்பைத் துடைத்துப் பரணில் ஏற்றியபின்தான் காப்பி குடித்தேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சிலிக்கான் துப்பாக்கியோடு பொன்னுமணி வந்தாள். உள்ளே போய் விரலால் ஒரு சந்தைத் தடவினாள். விரலைப் பார்த்தாள். வேறொரு சந்தைத் தடவினாள்.

"ஸ்டோரய்யா, தண்ணி தெளிச்சீங்களா?"

மணி 9.20. "நீ சொன்னபடியே எல்லாம் செஞ்சேன்" என்றேன்.

அவள் என் முகத்தைச் சந்தேகமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் பார்த்தது தன் கையை. "அப்போ என் கலவைதான். தண்ணி கூடிருச்சு போல. பத்து வருசத்துல இப்படி ஆனதே இல்லையேய்யா" என்றாள். துப்பாக்கியை மூலையில் சாய்த்து வைத்துவிட்டுப் பையிலிருந்து சுரண்டும் கத்தியை எடுத்தாள். "வீட்டுக்கு வந்த வேலைய வெடிக்க விட்டுட்டுப் போக மாட்டேன். சுரண்டி எடுத்துட்டு முழுசாப் பூசித் தந்துர்றேன்."

அன்று முழுவதும் கிர்ரு கிர்ரு என்று சுரண்டும் சத்தம். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் வரவில்லை. ஜெயபாக்கியம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரவு நோட்டை எடுத்து எட்டாம் தேதிக்குரிய பக்கத்தைப் பிரித்தேன். 6.10, பால். 7.45, கரண்ட் போனது. 8.05, வந்தது. 9.20 என்று எழுதிவிட்டு எதிரே என்ன எழுதுவது என்று தெரியாமல் வெறுமனே விட்டேன். அறுபத்தோரு நோட்டில் எழுதாமல் விட்ட முதல் வரி அதுதான்.

வெள்ளிக்கிழமை காலை சாம்சன் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே சுரண்டும் சத்தம் கேட்டிருக்கிறது.

"என்ன மாமா, போட்டதத் திருப்பி எடுக்குறாங்க?"

"வெடிச்சிருச்சு மாப்ளே" என்றேன்.

அவன் முகம் சுருங்கியது. "நல்லவேள, முன்னாலயே தெரிஞ்சுச்சு. பன்னெண்டும் இப்படி ஆகியிருந்தா சீசனே போயிருக்கும். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க மாமா. கம்பம் டவுன்ல ஒரு ஆளு இருக்கான், அவனக் கூப்பிட்டுக்கிரவா?"

சுரண்டும் சத்தம் நின்றது. உள்ளிருந்து பொன்னுமணி சொன்னாள்: "அய்யாவ எதுக்குய்யா சங்கடப்படுத்துறீங்க? வெடிச்சது வெடிச்சதுதான். நீங்க வேற ஆளப் பாத்துக்கங்க தம்பி. அவரு எறணாகுளத்துக்குப் பையக் கட்டட்டும்." மறுபடி கிர்ரு கிர்ரு.

ஜெயபாக்கியம் கட்டிலில் இருந்தபடியே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "ஏங்க, செவ்வாக்கெழம அனல் அடிச்சுச்சே, அது எந்த நோட்டுல இருக்கு?"

இதற்கு மேலும் உட்கார்ந்திருந்தால் நான் நாற்காலிக்குச் சமம். அலமாரிக்குப் போனேன். நோட்டை எடுத்தேன். நூற்றுப் பதினான்காம் பக்கத்தைத் திறந்து சாம்சன் கையில் கொடுத்தேன். வாயால் சொல்ல எனக்கு வராது. எழுதியது எழுதியபடி இருந்தது.

அவன் சத்தமாகவே படித்தான். "'செவ்வாய், காலை எட்டு. கணப்பு போட்டது. முப்பத்தொரு டிகிரி. ஒன்பது மணி, முப்பத்தெட்டு. பத்து மணி, நாற்பத்தைந்து. ஈரக்காற்று விட்டது...' மாமா, இது ஏலக்காய் பழைய நோட்டா?"

"இல்ல."

"'பதினோரு மணி, நாற்பத்தெட்டு. குளியலறை வாசம் நன்றாக உள்ளது.' மாமா!"

சுரண்டும் சத்தம் நின்றுபோயிருந்தது. பொன்னுமணி வெளியே வந்தாள். புருவம், மூக்கு நுனி எல்லாம் வெள்ளை. நோட்டை எட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"ரெண்டு நாளா நான் என் கையச் சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

"தப்பு என்னோடதுதான் ஆத்தா. தண்ணியும் தெளிக்கல. தெளிச்சேன்னு பொய்யும் சொன்னேன்."

சாம்சன் கையிலிருந்த நோட்டில் அந்தப் பக்கம் முழுவதையும் அவள் படித்தாள், ஒரு நிமிடம் இருக்கும். கடிகாரத்தைப் பார்க்காத ஒரு நிமிடம் என்பதால் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை. பிறகு அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். துடைத்ததில் இன்னும் வெள்ளையானாள்.

"ஏன்யா, பதினெட்டு மணி நேரம் வேக வச்சீங்களே, கடைசில பாத்ரூமக் குலுக்கிப் பாத்தீங்களா? வெதச் சத்தம் வந்துச்சா?"

ஜெயபாக்கியம்தான் முதலில் சிரித்தாள். ஆபரேஷன் செய்த காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சாம்சன் நோட்டால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

"கிரவுட்டு சிமெண்டுய்யா" என்று பொன்னுமணி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எனக்குச் சொன்னாள். "தண்ணியக் குடிச்சுத்தான் அது இறுகும். நீங்க அது குடிக்கிற தண்ணியப் புடுங்கிட்டுச் சூடு போட்டிருக்கீங்க. மலைல இருந்தப்ப இவரு எங்கள எல்லாம் அறைக்குள்ள விடமாட்டாரும்மா, காத்து மாறிரும்னு. இப்பப் புரியுது. இவரு உள்ளயே பூட்டிக்கிட்டு இருந்ததே எங்களுக்கு நல்லதாப் போச்சு."

சாம்சன் நோட்டைத் திருப்பிக் கொடுத்தான். "அக்கா, பன்னெண்டும் உங்களுக்குத்தான். அண்ணனப் பையக் கட்ட வேணாம்னு சொல்லுங்க. ஒரே ஒரு கண்டிசன். மாமா குரங்கணிப் பக்கம் வரக்கூடாது."

"நானும் ஒரு கண்டிசன் சொல்றேன்" என்றாள் அவள். "இனிமே எந்த வீடா இருந்தாலும் கிரவுட்டு போட்ட மூணு நாளைக்குச் சாவி என் இடுப்புலதான் இருக்கும்."

சனிக்கிழமை மாலை புதிதாகப் பூசி முடித்தாள். கதவை இழுத்துப் பூட்டிச் சாவியை முடிந்துகொண்டாள். எங்கள் வீட்டுக் குளியலறைக்குள் நான் போக முடியாமல் மூன்று நாள் பின்கட்டுக்குப் போனேன். ஜெயபாக்கியத்தை எதிர்வீட்டுக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். அவள் வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் காரணத்தைச் சொல்லிக்கொண்டே வந்தாள். பொன்னுமணி காலையிலும் மாலையிலும் சிலமலையிலிருந்து பஸ்ஸில் வந்து, பூட்டைத் திறந்து, தெளித்து, பூட்டிவிட்டுப் போனாள். எட்டிப் பார்க்கக்கூட விடவில்லை. சாவித்துவாரத்தின் வழியாக விசிறினேன் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது உண்மையில்லை.

நன்றாக இறுகியபின் ஒரு வாரம் காயவிட்டு, மூலைகளுக்குச் சிலிக்கான் போட்டாள். துப்பாக்கியால் ஒரே இழுப்பு. பிறகு சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்து, மேலிருந்து கீழே ஒரே தடவல். வேறு யார் தடவினாலும் அதில் விரல் ரேகை பதிந்திருக்கும். அவள் தடவிய மூலைகள் கண்ணாடி மாதிரி இருக்கின்றன. பார்த்துவிட்டு, "உன் விரல் சுத்தம், பொன்னுமணி" என்று வாயால் சொன்னேன். இருபது வருடம் முன்பே எழுதியதைச் சொல்ல இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. "வெரல்ல சோப்பு இருக்குல்ல, அதான்யா" என்றாள் அவள்.

ஸ்டோரில் ஒரு விதி இருந்தது. விட்டுப்போன பதிவைப் பிறகு எழுதினால் சிவப்பு மையில் எழுதி, கையெழுத்துப் போடவேண்டும். பிப்ரவரி 8, 9.20 என்பதற்கு எதிரே சிவப்பு மையில் "பொய் சொன்னேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஏப்ரல் மாதம் குரங்கணியில் வேலை முடிந்தது. சோலைமலை எறணாகுளம் போகவே இல்லை. வேலை முடிவதற்குச் சில நாள் முன்பு, தடையை மீறி நான் ஜீப்பில் போய்ப் பார்த்தேன். பன்னிரண்டு குளியலறைக் கதவிலும் பன்னிரண்டு பூட்டுத் தொங்கியது. சோலைமலை என்னைப் பார்த்ததும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இங்கதான் வீட்டுக்காரங்க யாரும் இல்லையே பொன்னுமணி, எதுக்குப் பூட்டு?" என்று கேட்டேன்.

அவள் இடுப்புச் சாவிக்கொத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். "ஒரு ஸ்டோரய்யா ஜீப்பு ஏறி வந்து நிக்கிறாரே, போதாதா?" என்றாள்.